தோளில் இருக்கும் அந்தக் கை

நேற்றுக் காலை கைபேசியைத் திறந்தால், செயலி ஒன்று தானாகவே ஒரு வீடியோ செய்து நீட்டுகிறது. "6 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்" என்று தலைப்பு, பின்னால் துள்ளல் இசை. நானும் அக்காவும் எடுத்துக்கொண்ட செல்ஃபி. இருவரும் பல் தெரியச் சிரிக்கிறோம். என் இடது தோளில் ஒரு கை இருக்கிறது. மணிக்கட்டோடு படம் முடிந்துவிடுகிறது.

அது அப்பாவின் கை. மருத்துவமனையிலிருந்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்த நாள் அது. மூக்கில் குழாய், ஒட்டிப்போன கன்னம். "இந்தக் கோலத்தில் அப்பாவை எல்லோரும் பார்க்க வேண்டாம்" என்று நான்தான் அவரை வெட்டிவிட்டுப் பகிர்ந்தேன். அப்புறம் அந்தக் கைபேசி பழுதாகி முழுப் படமும் போய்விட்டது. ஊருக்குக் காட்ட வெட்டிய துண்டு மட்டும்தான் மிச்சம். அதற்கு வந்த பின்னூட்டம் ஒவ்வொன்றும் பத்திரமாக இருக்கிறது. "எப்பவும் இதே சிரிப்போட இருங்க!"

மூன்று இரவு தூங்காத சிரிப்பு அது. பெரிதாக்கிப் பார்த்தால் அக்காவின் கண் இமைகள் வீங்கியிருப்பது தெரியும். யார் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்? அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு என்ன விசேஷம் சித்தி?" என்று கேட்கிறாள். வயிறு எரிகிறது எனக்கு. அவள் தன் தாத்தாவின் கடைசி மாதங்களை அந்தப் படத்தில் இருந்துதானே தெரிந்துகொள்ளப் போகிறாள்!

வெட்டியது நான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை எடுத்து, இசை சேர்த்து, "உங்கள் நினைவு" என்று என்னிடமே நீட்ட இந்தச் செயலிக்கு யார் உரிமை கொடுத்தது? 2014 டிசம்பரில் ஃபேஸ்புக் இப்படித்தான் எல்லோருக்கும் "இந்த ஆண்டு உங்களுக்கு எப்படி இருந்தது" என்று படத்தொகுப்பு போட்டுக் கொடுத்தது. அதே ஆண்டு மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு, அந்தக் குழந்தையின் முகத்தைச் சுற்றி ஆட்டம் போடும் உருவங்களோடு அது வந்து நின்றது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. சரி, அப்புறம்? அடுத்த ஆண்டே "இதே நாளில்" வசதி வந்துவிட்டது. எது நினைவு, எது நினைவில்லை என்பதை இயந்திரம் பொறுக்கி எடுக்கிறது, நாம் தலையாட்டுகிறோம்.

நாமும் சளைத்தவர்களா என்ன? குழந்தை முதல் அடி எடுத்து வைக்கும்போது யார் கையிலும் கேமரா இல்லை. உடனே தூக்கி வந்து வெளிச்சத்தில் நிறுத்தி, "வா வா, மறுபடி நட" என்று ஐந்தாவது முறை நடக்கவைத்து, அதை "முதல் அடி" என்று பகிர்கிறோம். அந்தப் பிள்ளை வளர்ந்து, நடக்காத ஒன்றைத் தன் வாழ்க்கை என்று நம்பும். அசல் முதல் அடி? அதை யாரும் சொல்லக்கூட மாட்டார்கள். படம் இல்லையே!

"பிடிக்கலைன்னா அழிச்சிடு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எதை அழிப்பது? அப்பா கடைசியாக என்னைத் தொட்டதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தத் துண்டுதான். வைத்திருந்தால் பொய், அழித்தால் அதுவும் இல்லை.

லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் சிலரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்ச் சோதித்தார், முடிவுகள் 2014-ல் வெளியாயின. வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படம் எடுத்த பொருட்கள் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன. கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் கைவிட்டுவிடுகிறது போலிருக்கிறது. படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் தோளில் கை வைத்தபோது அப்பா ஏதோ சொன்னார். மெல்லிய குரலில், இரண்டு மூன்று வார்த்தை. நான் கையை நீட்டிக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருங்கப்பா, ஒரு நிமிஷம்" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

நேற்று இரவு அக்காவைக் கூப்பிட்டு, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. அவளும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.