கண்ணாடி கேஸுல கலர் லைட் எரிஞ்சா அது எடிட்டிங் சிஸ்டம் ஆயிடாது

முகூர்த்த சீசன் முடிஞ்சு கையில கொஞ்சம் காசு நிக்கிற நேரத்துல நம்ம சேலம் பசங்க இன்பாக்ஸ்ல வந்து கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். "அண்ணா, ஒண்ணரை லட்சம் வரைக்கும் போடலாம்னு இருக்கேன், எந்த கிராபிக்ஸ் கார்டு எடுக்கட்டும்?" நான் திருப்பிக் கேக்கறேன்: "என்ன கேமரா தம்பி, என்ன செட்டிங்ல ஷூட் பண்றே?" சிஸ்டத்தைப் பத்திக் கேட்டா இவரு எதுக்கு கேமராவைக் கேக்கறாருன்னு பாதிப் பேரு முழிக்கறாங்க. அவங்களுக்காகத்தான் இந்த நீளமான பதிவு.

கடைக்குப் போயி "எடிட்டிங்குக்கு வேணும்"னு சொன்னா பெரும்பாலும் எடுத்து வைக்கறது கேமிங் சிஸ்டம்தான். பெரிய கார்டு, கண்ணாடி, லைட்டு. கேம் ஆடறவனுக்கு அது சரி. கல்யாண வீடியோ எடிட் பண்றவனுக்கு வேற கணக்கு இருக்கு.

ஏற்காட்டுல பகோடா பாயின்ட் பக்கம் விடியக்காலையில அவுட்டோர் எடுத்தவங்களுக்கு ஒண்ணு தெரியும். ஜோடிக்குப் பின்னாடி பூரா பனிமூட்டம். 8 பிட்ல எடுத்த கிளிப்பைக் கிரேடிங்ல, அதாவது கலர் திருத்தறப்போ, கொஞ்சம் இழுத்தாப் போதும், அந்தப் பனி பட்டை பட்டையா உடைஞ்சு நிக்கும். 8 பிட்ல ஒரு கலருக்கு 256 படிதான். 10 பிட்ல 1024. அதனாலதான் எல்லாரும் 10 பிட், 4:2:2 (கலர் விவரத்தைக் கூடுதலாப் பிடிச்சு வெக்கற முறை), லாக் (பின்னாடி கிரேடிங் பண்ண வசதியா மங்கலா எடுக்கறது)னு மாறிட்டோம். படம் நல்லாத்தான் வருது. ஆனா கேமராவை மாத்தின கையோட, அந்த ஃபைலை எந்தச் சில்லு பிரிச்சுக் காட்டப்போகுதுன்னு யாரும் பார்க்கலை.

எச்.265ல (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கற முறை) 10 பிட் 4:2:2 ஃபைலை நேரடியாப் பிரிக்கற வசதி என்விடியா கம்பெனி கார்டுல 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லதான் முதல்முதலா வந்துச்சு. அதுக்கு முந்தின 30, 40 சீரிஸ் கார்டு எவ்வளவு பெரிசா இருந்தாலும் அந்த வேலை பிராசஸர் தலையிலதான் விழும். இன்டெல்லுல 11ஆம் தலைமுறையில இருந்தே, பிராசஸரோட கூட வர்ற சாதா கிராபிக்ஸே இதைப் பண்ணிடும். குவிக் சிங்க்னு சொல்றாங்களே, அதுதான். அதாவது தனிக் கார்டே இல்லாத ஒரு இன்டெல் ஐ5 12400 பிராசஸர் சிஸ்டம், பழைய பெரிய கார்டு போட்ட சிஸ்டத்தை டைம்லைன்ல தோக்கடிச்சிடும். ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஓட்டிப் பார்க்கற வரைக்கும் நம்பறதுக்குக் கஷ்டம்தான்.

இதுலதான் வில்லங்கமே. மாடல் நம்பருக்குப் பின்னாடி எஃப்னு ஒரு எழுத்து வர்ற இன்டெல் பிராசஸர் இருக்கு: 12400எஃப், 13400எஃப், 14700எஃப் மாதிரி. விலை கொஞ்சம் குறையும். ஏன்னா அதுல அந்த உள்கிராபிக்ஸ் கிடையாது, அதோட குவிக் சிங்கும் போச்சு. "தனிக் கார்டு போடறீங்க, அது எதுக்குங்க தண்டமா?"ன்னு கடையில சொல்லுவாங்க. கேமுக்கு அந்த வாதம் சரி. நமக்கு அந்த மிச்சம் வேண்டாம்.

அம்மாபேட்டையில நமக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் இப்படித்தான் எஃப் பிராசஸரும் 40 சீரிஸ் கார்டுமா வாங்கிட்டு வந்து உக்காந்தான். மூணு கேமரா கிளிப்பையும் ஒண்ணா ஓட்டி எடிட் பண்ற மல்ட்டிகேம். ஸ்பேஸ் பாரைத் தட்டினா கெட்டிமேளம் சத்தம் மட்டும் ஓடுது. படத்துல மாப்பிள்ளை கை தாலியோட அந்தரத்துலயே நிக்குது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தா சிபியு 100ல முட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவு காசு கொடுத்த கார்டு சும்மா படுத்திருக்கு. வித்த கடையில கேட்டா "ராம் பத்தலை, இன்னொண்ணு போடுங்க"ன்னு அதையும் விக்கப் பார்த்தாங்க. கடைசியில ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் லேசான நகல் ஃபைல், போட்டுத்தான் ஓட்டறான். ப்ராக்ஸி நல்ல வழிதான், பழைய சிஸ்டம் வெச்சிருக்கறவங்க அதைத்தான் செய்யணும். புது சிஸ்டம் வாங்கினவன் எதுக்குச் செய்யணும்?

நம்ம பக்கம் கல்யாண எடிட்டர்ல இன்னும் நிறையப் பேரு எடியஸ்தான். அது ரொம்ப வருஷமா குவிக் சிங்கை நம்பியே ஓடற சாப்ட்வேர். அவங்களுக்கு எஃப் இல்லாத இன்டெல்லுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஏஎம்டியோட ரைசன் பிராசஸர் மோசமில்ல, ரெண்டரிங்குலயும் போட்டோஷாப்லயும் நல்லாவே ஓடும், 4:2:2 எச்.265 உங்க அன்றாட ஃபைலா இருந்தா மட்டும் கூடவே 50 சீரிஸ் மாதிரி அதை நேரடியாப் பிரிக்கற கார்டும் போட்டாகணும். இன்னொண்ணு: தனிக் கார்டு மாட்டினதும் சில போர்டுல உள்கிராபிக்ஸ் தானா ஆஃப் ஆயிடும். பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்) போயி ஆன் பண்ணி வெக்கச் சொல்லுங்க. அசெம்பிள் பண்ற பையனே இதை மறந்துடுவான்.

ராம் 32 ஜிபிக்குக் கீழ வேண்டாம், ரெண்டு ஸ்டிக்கா போடுங்க. 4கே மல்ட்டிகேம்னா 64. ஆனா 2025 கடைசியில இருந்து ராம் விலை ஏறின ஏத்தத்துல நானே இதை வாய் கூசாம சொல்ல முடியலை. இப்போதைக்கு 32 போட்டு, போர்டுல ரெண்டு ஸ்லாட் காலியா விட்டு வைங்க.

எஸ்எஸ்டியில எல்லாரும் பாக்ஸ்ல அச்சடிச்ச வேகத்தைத்தான் பார்க்கறாங்க. சோனியில 4கே 50பி 4:2:2 எடுத்தா நொடிக்கு 200 மெகாபிட். மணிக்கு 90 ஜிபி. ராத்திரி ரிசப்ஷன், விடிஞ்சா முகூர்த்தம், மூணு கேமரான்னா நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. மலிவு எஸ்எஸ்டி முதல் கொஞ்ச நேரம் பறக்கும், உள்ள இருக்கற கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பினதும் சாதா ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிடும். எடிட் பண்ற டிரைவ் மட்டுமாவது நல்லதா வாங்குங்க. முடிஞ்ச வேலையைப் போட்டு வெக்க ஹார்ட் டிஸ்க் போதும், ஆனா ரெண்டு காப்பி. ஒரே டிஸ்க்ல ஊரார் கல்யாணத்தை எல்லாம் வெச்சுக்கிட்டு ராத்திரி எப்படித்தான் தூங்கறாங்களோ.

போட்டோ மட்டும் பண்றவங்களுக்கு இத்தனை தலைவலி இல்ல. போட்டோஷாப்புக்கு ஒரு கோர் வேகமா ஓடினாப் போதும், மீதி ராம் பார்த்துக்கும். லைட்ரூம்ல 2023ல வந்த, படத்துல வர்ற புள்ளிகளை எடுக்கற ஏஐ டீநாய்ஸ் மட்டும் முழுக்க கார்டை நம்பி இருக்கு; மண்டபத்துல ஹை ஐஎஸ்ஓல எடுக்கறவங்க அதுக்குன்னே கார்டுல காசு போடலாம். ஆனா கார்டுல மிச்சம் பிடிச்சாவது நல்ல ஐபிஎஸ் மானிட்டர் வாங்கிடுங்க. நம்ம ஊர் வெண்பட்டு வேட்டியில ஹைலைட் (ரொம்ப வெளிச்சமான இடத்து விவரம்) போச்சா இருக்கான்னே தெரியாத மானிட்டர்ல உக்காந்து ஆல்பம் டிசைன் பண்ணிட்டு, பிரிண்ட் வந்ததும் லேப்காரனைத் திட்டறது வழக்கமாப் போச்சு.

கரண்ட். 600 விஏ யூபிஎஸ்னா 360 வாட்தான். ரெண்டர் ஓடும்போது கார்டும் பிராசஸரும் சேர்ந்து அதைத் தாண்டிடும். கரண்ட் போன நொடியே யூபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துக்கும். குறைஞ்சது 1 கேவிஏ. ஏற்காட்டுல ஸ்டுடியோ வெச்சிருக்கறவங்க கோடை மழை இடி மின்னலுக்கு எர்த்திங்கையும் பார்த்துக்கங்க. கீழ சேலத்துல ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது முன்பக்கம் கண்ணாடி மூடின கேஸ் உள்ள மூச்சு முட்டும். முன்னாடி வலை வெச்ச கேஸ் வாங்குங்க, ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்க. கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் தூசியில இருக்கறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஆப்பிளோட மேக் மினி பத்தியும் கேப்பீங்க. எம்4 சில்லு, 16 ஜிபி ராம், 2024ல இந்தியாவுல வெளியான விலை 59,900. 4:2:2 எச்.265 தண்ணி மாதிரி ஓடும், கரண்டும் குடிக்காது. பிரீமியர், டாவின்சி ஆளுங்க தாராளமா எடுக்கலாம். ராமைப் பின்னாடி ஏத்த முடியாது, எடியஸ் அதுல கிடையாது. அந்த ரெண்டும் ஒத்துவந்தா ஒண்ணரை லட்சத்தைத் தொடவே வேண்டியதில்ல.

எதுவா இருந்தாலும் உங்க கேமராவுல எடுத்த அசல் கிளிப்பை பென்டிரைவ்ல போட்டுக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. டெமோ சிஸ்டத்துல உங்க சாப்ட்வேரோட ட்ரையலைப் போடச் சொல்லி, மூணு லேயர் அடுக்கி பிளே பண்ணுங்க. டாஸ்க் மேனேஜர்ல ஜிபியுவைத் தொட்டா வீடியோ டிகோட்னு ஒரு கிராஃப் வரும். அது ஏறணும். அது அசையாம சிபியு மட்டும் 100ல நின்னா பில் போட விடாதீங்க. இதுக்கே சலிச்சுக்கற கடைன்னா, நாளைக்கு வாரன்டிக்குப் போயி நிக்கும்போது எப்படிப் பேசுவாங்கன்னு அங்கயே தெரிஞ்சுடும்.