10,000 மடங்கு

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், புற்றுநோய்க்கு இயற்கை வைத்தியம் என்ற கூட்டத்தில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். நான் எழுந்து கேட்டதில் பாதிதான் அதில் இருக்கிறது, அதற்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்று நாளாக ‘மருந்துக் கம்பெனி கைக்கூலி’, ‘மஞ்சளைப் பழிக்கிறவள்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். நேற்று ராத்திரி வந்த ஒரு போனுக்குப் பிறகு முடியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேடையில் பேசியவர் முள் சீத்தாப் பழத்தைத் தூக்கிக் காட்டி, “பெருங்குடல் புற்றுநோயை இது கீமோவைவிட 10,000 மடங்கு கொல்லும்” என்றார். “ஐயா, இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்களா?” என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது. இயற்கையா செயற்கையா என்று கேட்கவே இல்லை. மனுஷ உடம்பில் சோதித்தார்களா?

அந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990களில் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முள் சீத்தா விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஆய்வகத் தட்டில் வளர்த்த பெருங்குடல் புற்றுச் செல்கள் மேல் விட்டுப் பார்த்தார்கள். அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட அது 10,000 மடங்கு வீரியமாக இருந்தது. உண்மை. ஆனால் விதை, பழமில்லை. தட்டு, உடம்பில்லை. பெருங்குடல் புற்றுக்கு அட்ரியாமைசின் கொடுப்பதே கிடையாது. அந்த அட்ரியாமைசினும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி தருவதுதான். இயற்கையைத் தாண்டி எதுவும் இல்லை என்று கை தட்டினீர்களே, அவர் திட்டிய கீமோவும் மண்ணிலிருந்து வந்ததுதான்.

என்னை இயற்கைக்கு எதிரி என்கிறவர்கள் இதையும் படியுங்கள். சீனாவில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளை 1966ல் உலகுக்குக் காட்டியவர்கள் மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற வேதியியலாளர்கள். வாணி மகாராஷ்டிராவின் நந்துர்பாரில் பிறந்தவர். அதைச் சோடியம் உப்பாக்கி நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீரில் ரத்தம் போனது, 1970களில் நிறுத்திவிட்டார்கள். பிறகு அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி, தண்ணீரில் கரையும்படி செய்ததுதான் இரினோடீக்கன் என்ற கீமோ மருந்து. 1996ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி கிடைத்தது, இன்றுவரை கொடுக்கிறார்கள். பாதி மரம், பாதி ஆய்வகம். இதை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

ஒரு சிட்டிகை மஞ்சள் போதும் என்கிறீர்களே, அந்த மஞ்சளுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மஞ்சள் இல்லாமல் குழம்பு கொதிக்காது, அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப், அதாவது பிறகு புற்றாக மாறக்கூடிய சின்னக் கட்டிகள், முளைக்கும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. அந்த நோயுள்ள 5 பேருக்கு மஞ்சளில் இருக்கும் குர்குமினும், வெங்காயத்தில் இருக்கும் குவெர்செடினும் சேர்த்துக் கொடுத்தபோது பாலிப் குறைந்தது. 2006ல் வந்த செய்தி, நானும் சந்தோஷப்பட்டவள்தான். பிறகு 44 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் 3 கிராம் குர்குமின், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று ஒரு வருஷம் கொடுத்தார்கள். 2018ல் முடிவு வந்தது: வித்தியாசமே இல்லை. 3 கிராம் குர்குமின் என்றால் கிட்டத்தட்ட 100 கிராம் மஞ்சள்தூள். தினமும். நீங்கள் சொல்கிற சிட்டிகை எந்த மூலைக்கு?

இயற்கைப் பொருள் ஜெயித்த கதையும் உண்டு. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரினை, பாலிப் எடுத்துவிட்டவர்கள் 1,000 பேருக்கும் மேல் சேர்த்துச் சீனாவில் சோதித்தார்கள். இரண்டு வருஷத்தில் பாலிப் திரும்ப வந்தது பெர்பெரின் சாப்பிட்டவர்களில் 36 சதவீதம், சாப்பிடாதவர்களில் 47 சதவீதம். 2020ல் வெளியானது. இதை நான் மனதாரச் சொல்வேன், சோதித்திருக்கிறார்கள் என்பதால். அதுவும் பாலிப் திரும்புவதைப் பற்றிய கணக்கு, புற்றுநோயையே குணமாக்கும் என்றில்லை.

இனி எங்கள் பெரியப்பா. தெரிந்தவர்களுக்குத் தெரியும். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெருங்குடல் புற்று, ஸ்டேஜ் த்ரீ. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. 21 நாளைக்கு ஒருமுறை ட்ரிப், நடுவில் மாத்திரை, மொத்தம் எட்டு சைக்கிள், அதாவது எட்டுச் சுற்று என்றார்கள். முதல் ட்ரிப் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காபி போட ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தார். கரன்ட் அடித்த மாதிரி கத்தினார். பாக்கெட் விழுந்து வெடித்து, பால் அலமாரிக்கு அடியில் எல்லாம் ஓடியது. முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் சில்லறை எண்ணின விரல்கள், விரித்தது விரித்தபடி நின்றன. ஒரு வாய் பச்சைத்தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. “பாப்பா, என்னை ஏதோ பண்ணிட்டாங்க” என்றார்.

ட்ரிப்பில் ஏற்றிய அந்த மருந்து ஆக்சாலிபிளாட்டின். பிளாட்டினத்தில் செய்த மருந்து, குளிர் பட்டால் நரம்பு இப்படித்தான் துடிக்கும். அனேகமாகச் சில நாளில் அடங்கும். இதை முன்னாடியே ஒருவர் சொல்லியிருந்தால் அவருக்குக் கையுறை வாங்கிக் கொடுத்திருப்போம், வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்போம். யாரும் சொல்லவில்லை. இரண்டு சைக்கிளோடு நிறுத்திவிட்டு முள் சீத்தா இலைக் கஷாயத்துக்குப் போனார். ஒன்பதாவது மாதம் ஈரலில் தெரிந்தது.

“கீமோ எடுத்தவன் சாகலையா?” என்று கேட்கிறீர்கள். செத்திருக்கிறார்கள். கீமோ பெரியப்பாவைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆபரேஷன் முடிந்த 2,246 பேரிடம் சோதித்து 2004ல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. பழைய மருந்து மட்டும் எடுத்தவர்களில் மூன்று வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தது 100க்கு 73 பேர். அதோடு ஆக்சாலிபிளாட்டினும் சேர்த்தவர்களில் 78. ஐந்து பேர்தானே என்பீர்கள். அந்த ஐந்தில் ஒருவர் எங்கள் பெரியப்பாவாக இருந்திருக்கலாம் என்று நினைத்து நினைத்துத்தான் நான் தூங்காமல் கிடக்கிறேன்.

“கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான்.” அடிக்கிறான்தான். அந்த விலைகளைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். ஆனால் நான் சொன்ன அந்தப் பழைய மருந்து, 5-ஃப்ளூரோயுராசில், 1957ல் ஹைடல்பெர்கர் என்ற வேதியியலாளர் கொண்டுவந்தது. சுத்த செயற்கை. புற்றுச் செல் தன் வளர்ச்சிக்கு யுராசில் என்ற மூலப்பொருளை ஆவலாக உறிஞ்சுகிறது என்று மற்றவர்கள் கண்டதை வைத்து, அந்த யுராசிலிலேயே ஒரு ஃப்ளூரினை ஏற்றிக் கொடுத்தார். அதன் காப்புரிமையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பெரியப்பா கஷாயப் பொடிக்கு மாதாமாதம் கொடுத்த காசுக்கு எங்களிடம் ரசீதுகூடக் கிடையாது.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. டாக்டர் எங்களோடு பேசியது மூன்று நிமிஷம். கஷாயம் கொடுத்தவர் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டார். பெரியப்பா போனது மரத்தை நம்பி இல்லை, அந்தக் கையை நம்பி. இதைச் சொன்னால் டாக்டர் நண்பர்கள் கோபப்படுவீர்கள். படுங்கள். குளிரில் கை வைக்காதே என்ற ஒரு வரி, அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

நேற்று ராத்திரி போன் செய்தது பெரியம்மா. அந்த மண்டப வீடியோ அவங்க போனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. என்னைத் திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் இருந்தார்கள். அப்புறம், “அவரு இருபது இலைன்னு சொல்றாரு பாப்பா. நான் பன்னெண்டுதான போட்டேன்? மூணு டம்ளரை ஒண்ணா வத்தவச்சேன், அது பத்தலையோ?” என்றார்கள்.

ஒன்பது மாதம் விடிகாலையில் எழுந்து, இலையை எண்ணி எண்ணிப் பறித்து, மண்சட்டியில் காய்ச்சிக் கொடுத்த மனுஷி. “இல்ல பெரியம்மா, நீங்க சரியாத்தான் காய்ச்சினீங்க” என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. காலையில் கிளம்பிப் போகிறேன், இரண்டு நாள் அவங்களோடு இருந்துவிட்டு வருவேன். அதுவரை பின்னூட்டங்களுக்குப் பதில் எதிர்பார்க்காதீர்கள்.