டிசி இல்லாத பிள்ளைக்கும் இன்றைக்கே இடம் உண்டு

பழைய மகாபலிபுரம் சாலையில் எழும்புகிற அடுக்குமாடிகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் இருக்கின்றன. ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். அங்கிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனால் முதல் கேள்வியே "டிசி இருக்கா, ஆதார் இருக்கா?" இல்லை என்றால் "ஜூன்ல வாங்க". ஜூனில் கட்டடம் முடிந்து குடும்பம் வேறு ஊருக்குப் போயிருக்கும்.

இப்படித் திருப்பி அனுப்புவது சட்டவிரோதம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, டிசி தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லாததற்காகவும் மறுக்க முடியாது, அது 14ஆம் பிரிவு. சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. பள்ளிக்குப் போகும்போது இந்தப் பிரிவு எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வாய்ச் சண்டையைவிட அது வேலை செய்யும்.

சேர்த்த பிறகு நடக்கிற தவறு இன்னும் பெரியது. தமிழ் தெரியாது என்று 10 வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் கூனிக்குறுகி உட்காரும் பிள்ளை எத்தனை நாள் வரும்? 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியில் பிள்ளையின் தாய்மொழி ஆசிரியருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். இந்தி எழுத்தில் கடைசி அகரத்தை உச்சரிக்க மாட்டார்கள். அதனால் அந்தப் பிள்ளை "பல" என்பதைப் "பல்" என்று வாசிக்கும். ஒடியாவில் அகரமே ஒகரம் போல ஒலிக்கும், "படம்" என்பது "பொடொம்" ஆகும். இவை மந்தத்தால் வருகிற பிழைகள் அல்ல. முதலில் கற்ற எழுத்தின் விதியை இங்கேயும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது பிள்ளை. இந்தியிலும் ஒடியாவிலும் ஒலிக்கு ஒன்றாக நான்கு "க" எழுதிப் பழகிய பிள்ளையை நம் ஒற்றைக் ககரம் குழப்பும். கடல், தங்கம், பகல் மூன்றையும் சேர்த்து வாசித்துக் காட்டி, இடத்தைப் பொறுத்து ஒலி மாறுவதைக் காதால் பிடிக்க வையுங்கள். ஒடியாவில் ளகர ஒலி உண்டு. பள்ளி, வெள்ளம் என்று அந்தப் பிள்ளையை வகுப்பில் முதலில் சொல்ல விடுங்கள். அன்று முழுக்க அதன் முகமே வேறு மாதிரி இருக்கும்!

பெண் பிள்ளைகள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இடுப்பில் இருக்கிற தம்பிதான் காரணம். பெரிய கட்டுமான இடங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது இல்லாத இடத்தில், அக்காவைப் பள்ளியில் சேர்க்கிற அன்றே தம்பியை அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள். ஒன்றை விட்டு ஒன்று நடக்காது.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் இந்தக் குடும்பங்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடும், டிசி வாங்க நேரமிருக்காது. சேர்க்கும் நாளிலேயே பள்ளியின் பெயர், வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்), பள்ளி தொலைபேசி எண் எழுதி முத்திரை போட்ட தாள் ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.