பிரெஞ்சு பேசியவனுக்கு நாடு கிடையாதா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் சொன்னதையும், அதற்கு விழுந்த கைதட்டலையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரஷ்யப் பிரபுக்கள் வீட்டில் பிரெஞ்சு பேசினார்களாம், அதனால் அவர்களுக்கு நாடும் இல்லை, மக்களும் இல்லையாம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பிரெஞ்சு பேசியது குற்றமே இல்லை. மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்ததுதான் குற்றம். 1861 வரை பண்ணையடிமைகளை விற்றார்கள், வாங்கினார்கள். அதற்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ரஷ்யக் கவிஞர் புஷ்கினுக்குப் பள்ளியில் பட்டப்பெயரே 'பிரெஞ்சுக்காரன்'. 'யெவ்கேனி ஒனேகின்' என்ற அவருடைய கவிதை நாவலின் நாயகி தத்யானா, ஒனேகினுக்குக் காதல் கடிதம் எழுதுவது பிரெஞ்சில்தான். அதே நூலில் அவளை ரஷ்ய உள்ளம் கொண்டவள் என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே பெண்ணுக்குள் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1783-ல் தொடங்கிய ரஷ்ய அகாதமிக்குத் தலைமையேற்று, ரஷ்ய மொழிக்குப் பெரிய அகராதி கொண்டுவந்த தாஷ்கோவா தன் நினைவுகளை எழுதியதும் பிரெஞ்சில்தான்.

உடனே ஒருவர் 1812-ஐக் கொண்டுவருவார். நெப்போலியன் படையெடுத்தபோது ரஷ்யப் படை அதிகாரி தெனீஸ் தவீதவின் குதிரைப்படையைச் சொந்த நாட்டு விவசாயிகளே எதிரி என்று நினைத்துத் தாக்கவில்லையா என்பார். உண்மைதான். ஆனால் அவர்களைக் குழப்பியது முதலில், பிரெஞ்சுக்காரர்களுடையதைப் போல இருந்த சீருடை. தவீதவ் விவசாயியின் அங்கியைப் போட்டு, தாடி வளர்த்துக்கொண்டார். பிரபுவுக்கும் குடியானவனுக்கும் நடுவே இருந்த பள்ளம் மொழியால் மட்டும் வந்ததில்லை. பகட்டுக்காகப் பிரெஞ்சு பேசினார்கள் என்பீர்கள். பலர் அப்படித்தான், இருக்கட்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? நான் மும்பையில் வளர்ந்தவன். தமிழ் எழுத்து எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. திருநெல்வேலியில் ஒரு கல்யாண வீட்டில் பத்திரிகையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறினேன். "இது நம்ம வீட்டுப் பிள்ளையே இல்ல" என்றார் ஒரு பெரியவர். பந்தி முழுக்கச் சிரித்தது. அம்மா தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கைதட்டலில் மறுபடி கேட்டேன்.

'உன் கதையும் பிரபுக்கள் கதையும் ஒன்றா' என்று கேட்காதீர்கள். ஒன்றில்லை. அளவுகோல் மட்டும் ஒன்று.

திசம்பர்காரர்களை எங்கே வைப்பீர்கள்? 1825 டிசம்பரில் ஜார் ஆட்சிக்கு எதிராக எழுந்த ரஷ்யப் பிரபுக்கள், படை அதிகாரிகள். பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்றவர்கள். அவர்களில் பெஸ்துஷெவ்-ரியூமின் விசாரணையில் பிரெஞ்சில் பதில் எழுத அனுமதி கேட்டார், அதுதான் பழக்கம் என்று. அவரையும் சேர்த்து ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். மரியா வோல்கோன்ஸ்கயா கைக்குழந்தையை விட்டுவிட்டு, அந்தக் கிளர்ச்சிக்காக நாடுகடத்தப்பட்ட கணவனைத் தேடி சைபீரியச் சுரங்கத்துக்கே போனாள். குழந்தை அவள் இல்லாமலே இறந்தது. அந்த வாழ்க்கையை அவள் எழுதியதும் பிரெஞ்சில்தான்.

கைதட்டியவர்களே, அவளுக்கும் நாடு இல்லை என்று சொல்லிவிடுவீர்களா?