ஒரே தோட்டா என்பதால் மானுக்கு என்ன லாபம்?

பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் பாராட்டுதான் வருகிறது. "எல்லோரும் மேகஸின் நிறையத் தோட்டாவோடு போகிறார்கள், நீங்கள் மானுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறீர்களே" என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கூச்சமாக இருக்கும். துப்பாக்கியில் ஒரே தோட்டா இருப்பதால் மானுக்கு ஒரு லாபமும் இல்லை. முதல் குண்டு தப்பான இடத்தில் பட்டுவிட்டால், அந்த மானுக்கு நல்லது செய்யக்கூடியது சட்டென்று வரும் இரண்டாவது குண்டுதான். அதைத்தான் இந்தத் துப்பாக்கி தருவதில்லை.

(நான் பேசுவது அமெரிக்காவில், உரிமம் எடுத்து, சீசனில், வெள்ளைவால் மானை வேட்டையாடுவது பற்றி. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது குற்றம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மானைச் சுடலாமா கூடாதா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

அப்படியானால் ஏன் அதை எடுத்துக்கொண்டு போகிறாய் என்று கேட்டால், கிட்டே போக வைக்கிறது, அதனால்தான். இந்தத் துப்பாக்கியின் நியாயம் தூரத்தில் இருக்கிறது, தோட்டாக் கணக்கில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் 200 கெஜத்தில் நிற்கும் மானை இதால் சுடுகிறவரைவிட, நல்ல ஸ்கோப் வைத்த புது ரைஃபிளால் அதே தூரத்தில் சுடுகிறவர் எவ்வளவோ மேல்.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது, குழலின் வாய்வழியே வெடிமருந்து இடிக்கும் துப்பாக்கிகள் அரசிடம் மலையாகக் குவிந்து கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தை வெட்டி, கீல் வைத்த மூடி ஒன்றைப் பொருத்தி, அந்த வழியாகத் தோட்டா போடும்படி மாற்றினார்கள். அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்பிரிங்ஃபீல்ட் 'ட்ராப்டோர்'. 1873 மாடலுக்கு வந்த தோட்டா .45-70. அதாவது 0.45 அங்குலக் குழல், 70 கிரெயின் (ஒரு சிறு எடை அளவு) கருமருந்து, புகை கக்கும் பழைய வெடிமருந்து. முன்னால் 405 கிரெயின், நம் கணக்கில் 26 கிராம், ஈயக் குண்டு. ரெமிங்டன் ரோலிங் பிளாக், ஷார்ப்ஸ், ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1885 எல்லாம் இதே குடும்பம். பூட்டும் முறைதான் வேறு.

அந்த 26 கிராம் குண்டு வினாடிக்குச் சுமார் 1,300 அடி வேகத்தில் கிளம்புகிறது. இன்றைய சாதாரண மான் ரைஃபிளின் குண்டு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். 100 கெஜத்துக்கு, குறிபார்க்கும் சைட்டைச் சரிசெய்து வைத்தால், 200 கெஜத்தில் பழைய குண்டு இரண்டு அடிக்கும் மேல் கீழே இறங்கியிருக்கும். சரி, அதைத் தெரிந்துகொண்டு மேலே தூக்கிப் பிடித்தால் போச்சு என்பீர்கள். தூரம் சரியாகத் தெரிந்தால்தானே? 150 கெஜத்தில் நிற்கும் மானை 125 என்று நினைத்துச் சுட்டால், குண்டு கிட்டத்தட்ட அரை அடி தாழ்ந்து போகும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடமே எட்டு, பத்து அங்குலம்தான். நடுவில் குறி வைத்து அரை அடி கீழே போனால் நெஞ்சின் அடித்தசை, இல்லையென்றால் முன்கால். மான் மூன்று காலில் ஓடும், நீங்கள் மூடியைத் திறந்து காலித் தோட்டாவை வெளியே எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

"அந்தக் காலத்தில் இதே துப்பாக்கியால் மைல் கணக்கில் சுட்டார்களே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். 1874-இல் டெக்ஸஸின் அடோபி வால்ஸில் பில்லி டிக்சன் என்ற எருமை வேட்டைக்காரர் ஒரு ஷார்ப்ஸ் ரைஃபிளால் மைலுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் ஓர் ஆளைக் குதிரையிலிருந்து விழ வைத்தார் என்பது புகழ்பெற்ற கதை. அது ஏதோ அதிர்ஷ்டத்தில் பட்டது என்று டிக்சனே சொல்லியிருக்கிறார். ராணுவத் துப்பாக்கியில் தூரத்துக்கேற்ப உயர்த்திக்கொள்ளும் ஏணி சைட்டில் ஆயிரம் கெஜத்துக்கு மேல் கோடு போட்டிருப்பது, கூட்டமாக நிற்கும் எதிரிப் படைமேல் பலர் சேர்ந்து சுடுவதற்காக. அந்தக் கோட்டை மான்மேல் பயன்படுத்த நினைக்கிறவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டி வைத்து ரசிப்பது நல்லது.

என் எல்லை 100 கெஜம். வெளிச்சம் மங்கினால் அதிலும் பாதி. இரும்பு சைட்டின் முன்முளை மானின் தோளையே மறைத்துவிடும் தூரத்தில் சுடுவதற்கு ஒன்றுமில்லை.

கிட்டே போனால் வேறு தொல்லைகள். முதலாவது, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பின்னால் இழுக்கும்போது வரும் 'கிளிக்'. ஐம்பது கெஜத்தில் நிற்கும் மானுக்கு அந்த இரும்புச் சத்தம் நன்றாகவே கேட்கும். தலை தூக்கும், காது திரும்பும், அதோடு சரி. இதற்கு ஒரு பழைய வழி உண்டு. கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, ட்ரிகரை அழுத்தியபடியே சுத்தியலைக் கடைசிவரை பின்னால் இழுக்க வேண்டும். பிறகு ட்ரிகரை விட்டுவிட்டு, சுத்தியலை மெதுவாக முன்னால் வரவிட்டால் சத்தமில்லாமல் தன் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். குளிரில் விறைத்த விரல், அதன்மேல் கையுறை, கூடவே படபடக்கும் நெஞ்சு. வழுக்கினால் தோட்டா வெடித்துவிடும். அதனால் குழல் ஆபத்தில்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும், வீட்டில் காலித் துப்பாக்கியோடு இதையே திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும். அது வராதவர் மான் தலையை மரத்துக்குப் பின்னால் மறைக்கும்வரை காத்திருந்து இழுக்கட்டும்.

இரண்டாவது, புகை. கருமருந்து வெடித்ததும் உங்கள் முன்னால் வெள்ளையாக ஒரு மேகம் நிற்கும். காற்றில்லாத ஈரமான காலையில் அது நகரவே நகராது. குண்டு பட்டதா, மான் எப்படித் துள்ளியது, எந்தப் பக்கம் ஓடியது, எதுவும் தெரியாது. குனிந்து புகைக்கு அடியில் பார்க்கலாம், சில நேரம் ஓடும் வெள்ளை வால் மட்டும் கண்ணில் படும். ஆகவே சுடுவதற்கு முன்பே மான் நின்ற இடத்தில் ஒரு அடையாளம், ஒடிந்த கிளையோ கல்லோ, மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். அரைமணி நேரம் பொறுத்து அங்கே போய்ப் பார்த்தால் ரத்தம் மீதியைச் சொல்லும். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாகக் குடல் கழிவு கலந்திருந்தால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் மான் எழுந்து இன்னும் தூரம் போய்ச் சாகும், கைக்கும் கிடைக்காது.

துப்பாக்கியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தாத்தாவின் பரணிலிருந்து கிடைத்தது என்று ஒரு ட்ராப்டோரைத் தூக்கிக்கொண்டு, கடையில் .45-70 பெட்டி ஒன்றை வாங்கிக் காட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் மேல் ஒரே பெயர்தான். ஆனால் சிலவற்றில் இருப்பது இன்றைய வலுவான துப்பாக்கிகளுக்கென்று அழுத்தம் கூட்டிய மருந்து. அந்தத் தோட்டா 1870-களின் இரும்பைப் பிளந்தால் சிதறுவது சுடுகிறவரின் முகத்தில். முதலில் விஷயம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரே மாடலில்கூடக் குழலுக்குக் குழல் அளவு மாறும். மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டி இறக்கி அளந்து பார்த்துத்தான் குண்டு வார்க்க வேண்டும். வேட்டை முடிந்த அன்றே சுடுநீரால் கழுவ வேண்டும் என்பது தனி. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு ஏற்றிவிடும்.

சட்டம் பழைய துப்பாக்கியிடம் கொஞ்சம் பரிவு காட்டுகிறது. 1968 கூட்டாட்சிச் சட்டப்படி 1898 வரை செய்யப்பட்டது 'பழம்பொருள்', வாங்கும்போது அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் காட்டுக்குள் போனால் மாநில வேட்டை விதி முழுவதும் பொருந்தும். மிசிசிப்பியில் பழங்கால ஆயுத சீசன் என்று ஒன்று உண்டு, வெளியே தெரியும் சுத்தியல் வைத்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். நகல்களும் செல்லும் என்பதால், நேற்றுச் செய்த ஒற்றைக் குழலில் ஸ்கோப் மாட்டிக்கொண்டும் பலர் போகிறார்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் அதைப் பழைய முறை வேட்டை என்று என்னிடம் சொல்லாதீர்கள், சிரிப்பு வருகிறது.

ஈயத்தில் மட்டும் எங்கள் ஆட்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுப்போகும், ஈயத் துணுக்குகள் கலந்த குடலைத் தின்று காண்டோர் கழுகுகள் ஈய விஷம் ஏறிச் சாகின்றன என்பதுதான் இதன் பின்னணி. மெதுவாகப் போகும் எங்கள் குண்டு வேகமான குண்டைப்போல் சிதறுவதில்லை, எங்களுக்கு விலக்கு வேண்டும் என்று பழைய துப்பாக்கிக்காரர்கள் கேட்கிறார்கள். குறைவாகச் சிதறும் என்பது உண்மைதான். ஆனால் எது 1873 குண்டு, எது புதுக் குண்டு என்று கழுகு பார்த்துத் தின்னப் போவதில்லை. தாமிரக் குண்டு அதே எடைக்கு நீளமாக இருக்கும், குண்டைச் சுழல வைக்க பழைய குழலுக்குள் வெட்டியிருக்கும் மெதுவான முறுக்கில் எல்லாம் நேராகப் பறக்காது. என் துப்பாக்கிக்குப் பொருந்துவது கிடைக்கவில்லை என்றால் அங்கே புது ரைஃபிளைத்தான் எடுத்துப் போவேன், ஆனால் அதே நூறு கெஜத்துக்குள்.