கால் விழுந்த கோழிக்குக் கல்சியம் குளிசையா?

"கோழி நொண்டினால் கல்சியம் குளிசையைப் பொடித்துக் கொடுங்கள், மறுநாளே எழும்பும்" என்ற செய்தி கொழும்பில் வீட்டுக்கோழி வளர்ப்பவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. முட்டையிடத் தொடங்காத கோழிக்கு ஆபத்தும் கூட.

வளரும் கோழிக்குத் தீனில் ஏறக்குறைய 1 வீதம் கல்சியம் போதும். முட்டைக்கோழித் தீனில் 3.5 முதல் 4 வீதம் வரை இருக்கும். அந்த அளவு இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முதலில் கோழியின் காலை நன்றாகப் பாருங்கள். விரல்கள் உள்ளே சுருண்டு, குஞ்சு கணுக்காலில் குந்தி நகர்ந்தால் விற்றமின் பி2 குறைவாக இருக்கலாம். சோறும் தேங்காய்ப்பூவும் மட்டும் தின்னும் குஞ்சுகளுக்கு இது வர நிறைய வாய்ப்புண்டு. கோழிக்கான விற்றமின் கலவையைப் பொதியில் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து, தினமும் புதிதாக வையுங்கள். வெளிச்சம் பட்டால் பி2 அழிந்துவிடும். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சில நாட்களில் தேறும். நாட்பட்டால் நரம்புச் சேதம் மாறாது.

அலகும் எலும்பும் மென்மையாக வளைந்தால் விற்றமின் டி3 குறைவு என்று சந்தேகிக்கலாம். இது உடலில் உருவாக வெயில் வேண்டும். வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனிக் கூட்டில் நேர்வெயில் விழுகிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் உதவாது.

ஒரு கால் முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் நீண்டு கிடந்தால் அது மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, எந்த விற்றமினும் தீர்க்காது. தயவுசெய்து உடனே பிரித்து வைத்து, மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.