‘ஹவுண்ட் டாக்’ எல்விஸ் எழுதிய பாட்டு அல்ல

‘ஹவுண்ட் டாக்’ என்ற ஆங்கிலப் பாட்டை அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியே எழுதி முதன்முதலில் பாடினார் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

எழுதியவர்கள் ஜெர்ரி லைபர், மைக் ஸ்டோலர் என்ற 19 வயது வெள்ளை இளைஞர்கள். எழுதியதே பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிக்காகத்தான். 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் அவர் பாடிப் பதிவானது. 1953-இல் பில்போர்ட் என்ற அமெரிக்க இசை இதழின் ரிதம் அண்ட் புளூஸ் (கறுப்பின மக்களின் இசை வகை) பட்டியலில் 7 வாரம் முதலிடம். உதவாத ஒருவனை வாசலோடு விரட்டும் பெண்ணின் குரல் அது, கரகரப்பும் அதட்டலுமாக.

எல்விஸ் பதிவு செய்தது 1956-இல், லாஸ் வேகஸில் ஃப்ரெடி பெல் இசைக்குழு வரிகளை மாற்றிப் பாடியதைக் கேட்ட அப்புறம். மாற்றிய அந்த வரிகளில், ஒருவனை விரட்டும் அந்தப் பெண்ணே இல்லை. எல்விஸ் அருமையாகத்தான் பாடினார், சரி. ஆனால் முதல் குரல் தார்ன்டனுடையது.

1953 பில்போர்ட் இதழ்கள் கூகுள் புக்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன, பாருங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.